தார்ன்பேக்கின் கொதிகலன் அறை

விக்டோரியா அரசியார் காலத்து நாசகாரிக் கப்பலான ‘தார்ன்பேக்’, வெள்ளோட்டத்தில் மணிக்கு முப்பது கடல்மைல் வேகத்தை எட்டியது என்று அதன் பணிவரலாறு கூச்சமின்றிக் கூறுகிறது. அன்று நீராவிக் குழாய் வெடித்தபோது, திறந்தால் உலைக்கு ஊதும் காற்றின் அழுத்தம் இறங்கி வேகம் குறையும் என்று பொறியாளர் வார்ட்லா கொதிகலன் அறையின் மூடியைத் திறக்க மறுத்ததையும், உள்ளே நால்வர் வெந்து மடிந்ததையும் அது கூறவில்லை. அந்நால்வருள் ஒருவன் ஜெசப்பின் தம்பி.

இப்போது மெட்வே ஆற்றங்கரையில் அக்கப்பலை உடைக்கும் மேஸ்திரி ஜெசப்தான். கொதிகலன்களைக் கழற்றி விற்றாயிற்று. ஓய்வுபெற்ற வார்ட்லா நினைவுப்பொருள் தேடி வந்தார்.

“வேகத்துல இந்தக் கப்பல அடிச்சுக்க ஆளே கெடையாதுப்பா. அந்தப் பித்தளை அழுத்தமானி கீழ இருக்கா?”

“இருக்குங்க ஐயா. பயப்படாம எறங்குங்க. இப்ப அங்க சூடே கெடையாது.”

அவர் இறங்கியதும் இரும்பு மூடி தானாகவே சாத்திக்கொண்டது.

“டேய் ஜெசப், வெளையாடாத! தொறடா, சுடுது!”

ஜெசப் பதறிக் கைப்பிடியைப் பற்றினான், உள்ளங்கை பொசுங்கியது. கீழே பலர் மண்வாரிகளால் கரியை அள்ளி வீசும் ஓசை, தாளம் தவறாமல் எழுந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

“அவசரப்படாதீங்க ஐயா. இப்பத்தான வேகம் ஏறுது.”

கரையில் அறுத்துக் கிடத்தியிருந்த புகைபோக்கிகளிலிருந்து கரும்புகை கிளம்பியது.