இடது காது

பத்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும்போதே காலிங் பெல் அடித்துவிட்டது.

ஹவுஸ் ஓனர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலுக்குள் நுழையும் வாத்தியார் மாதிரி உள்ளே வந்தார்.

எங்கள் கட்டடத்தில் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நோட்டீஸ். செருப்பை இங்கே விடாதே, கதவை அறைந்து சாத்தாதே என்று படிக்கட்டுச் சுவர் முழுக்க ஒட்டிவைத்திருக்கிறார். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம்.

கடைசியாக ஒட்டியது எங்களுக்கு. 'முதல் மாடியில் நாய் நாற்றம் என்று மற்றவர்கள் புகார். மூன்று வாரம் அவகாசம். ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரில் பார்க்கப்படும். நாற்றம் இருந்தால் நாய் இருக்கக் கூடாது.'

அந்த ஞாயிறுதான் இது.

நாயின் பெயர் மூட்டை. சுருண்டு படுத்தால் சலவைக்குப் போட்ட துணி மூட்டையேதான். என் மனைவி ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தபோது, அவள் காலடியை விட்டு அது நகரவில்லை. நானாவது வேலைக்குப் போய்விடுவேன்.

நோட்டீஸைப் படித்துவிட்டு, "இது போனா நானும் கூடவே போயிடுவேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

மூட்டைக்கு உடம்பெல்லாம் சொறி. இடது காதில் கறுப்பாக அழுக்கு, கிட்டே போக முடியாத வாடை. முதலில் காதைத் துடைக்க வேண்டும், அப்புறம்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொன்னார். துடைக்க விட்டால்தானே? பஞ்சைக் கண்டாலே கையைக் கவ்வ வந்தது. மருந்துப் பாட்டில் சீல்கூட உடையாமல் அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தது.

சரி, வீட்டு வைத்தியம்தான் என்று இறங்கினோம். போனில் யார் யார் என்னென்ன சொன்னார்களோ அத்தனையும். ஓட்ஸ் ஊறவைத்த தண்ணீரில் குளியல். சொறிக்குக் கற்றாழை. கூடவே காதுக்குத் தேங்காய் எண்ணெய்.

எண்ணெய் மட்டும் என் சொந்தக் கண்டுபிடிப்பு. தினமும் சாயங்காலம் மூட்டையைப் போர்வையால் அமுக்கி, மனைவி தலையைப் பிடிக்க, நான் எட்ட நின்றபடி கரண்டியால் ஊற்றுவேன். பாதி காதுக்குள் போகும், பாதி என் சட்டையில்.

நம்பமாட்டீர்கள், வாடை குறைய ஆரம்பித்தது!

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கிளட்ச் பழக வந்த பாவப்பட்ட ஜனங்களெல்லாம் இந்த மூன்று வாரமும் என் எண்ணெய் வைத்தியத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு பீற்றல்.

விடியற்காலை வகுப்புக்குக் கிளம்பும்போது கதவைத் திறந்துவிட்டுப் போவேன். மூட்டை கீழே இறங்கி, பின்பக்கத் தோட்டத்தில் தன் வேலையை முடித்துக்கொண்டு, தானே மேலே வந்துவிடும். அந்த நேரத்தில் அங்கே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் நோட்டீஸைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மூட்டையின் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தேன். இன்னொரு கையில் போர்வை.

"சார், காதுகிட்ட மட்டும் கையைக் கொண்டுபோயிடாதீங்க. கடிச்சிடும்."

அவ்வளவுதான், மூட்டை ஒரே உதறலில் கையிலிருந்து நழுவியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அது நேராக அவரிடம் போனது. உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து, இடது காதை அவர் முழங்கால்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அவர் கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போனது. ஒரு துண்டுப் பஞ்சு பாதி வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் எதிரில் நிற்பது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் போர்வையைப் பார்த்தேன்.

"நாத்தம் இல்லை" என்றார் அவர், தரையைப் பார்த்து. பஞ்சை மறுபடி பைக்குள் தள்ளிவிட்டு, "எண்ணெய் மட்டும் இனிமே ஊத்தாதீங்க. தினம் காலையில அதைத் துடைச்சு எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது."

என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். அலமாரியிலிருந்து அந்த மருந்துப் பாட்டிலை எடுத்துவந்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். அவர் அதைத் தள்ளிப் பிடித்து, தேதி முடிந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பஞ்சு இருந்த பையிலேயே போட்டுக்கொண்டார்.

நன்றி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிப் பிழைக்கிறவனுக்கு, "படி பார்த்து இறங்குங்க, சார்" என்பதுதான் வந்தது.

கீழே போகிற வழியில் சுவரிலிருந்த எங்கள் நோட்டீஸை அவரே கிழித்தார். மூட்டை ஒவ்வொரு படியாக அவர் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

வாடை குறைய ஆரம்பித்தது என்றைக்கு என்று அப்போதுதான் யோசித்தேன். நோட்டீஸ் ஒட்டிய மறுநாள்.

அந்த மூன்று வாரத்தை எங்களுக்கு வைத்த கெடு என்று நினைத்து, மனிதரை நான் திட்டாத நாளில்லை. அவர் அதைத் தனக்கே வைத்துக்கொண்டிருக்கிறார்.