கறுப்புப் பித்தான்

“குண்டு இங்கதாங்க பட்டுச்சு” என்று சண்முகசுந்தரம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். கொசுக்கடியைத் தவிர வேறெந்தக் காயமும் கண்டிராத நெஞ்சு அது.

எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்த நீலகண்டன் தலையாட்டினார். மகள் வெண்மதியைப் பெண் கேட்டிருக்கும், பக்கத்து ஊரான போலகத்துப் பையனின் அப்பா. “உங்க தாத்தா கோட்டுல ரெண்டாவது பித்தான் மட்டும் ஏன் சார் கறுப்பா இருக்கு?” என்று அவர் கேட்டதற்குத்தான் இந்தக் குண்டு.

“பித்தளப் பித்தான் சார். குண்டத் தடுத்துட்டு அது தெறிச்சுப் போச்சு. சண்ட நடந்த சைகோன்லயே கெடச்சத வாங்கித் தச்சுக்கிட்டாராம்.”

சுவரில் புது மாலையோடு தாத்தா முறைத்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துக் கோட்டு, முறுக்கு மீசை. உண்மையில் அவர் திருநள்ளாற்றுக் குளக்கரையில் நல்லெண்ணெய் விற்றவர். சனிக்கிழமைதோறும் பக்கத்துக் கடைக்காரரோடு போட்ட சண்டைதான் அவர் கண்ட ஒரே யுத்தம். கோட்டு, காரைக்கால் ஸ்டுடியோ ஒன்றின் வாடகைக் கோட்டு.

சாகும்போது அப்பா இதைச் சண்முகசுந்தரத்தின் காதில் சொல்லிவிட்டுப் போனார். சொத்தென்று அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதற்குள் அந்தப் படத்தைக் காட்டியே மங்கையர்க்கரசியைக் கட்டியாகிவிட்டிருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயான ‘சொல்தா’வின் குடும்பம் என்றால் இந்த ஊர்க் கல்யாணச் சந்தையில் இன்றைக்கும் தனி மரியாதை.

“எங்க வீட்டுலயும் தாத்தா சொல்தாதான்” என்றார் நீலகண்டன். “மருமகளும் சொல்தா வீட்டுப் பொண்ணாத்தான் வரணும்னு என் சம்சாரம் ஒத்தக்கால்ல நிக்கிறா.”

“அதுக்கென்ன சம்பந்தி, நாமதான்...”

“அந்த வார்த்தய அப்புறம் சொல்லிக்கலாம் சார்.” நீலகண்டன் சிரிக்கவில்லை. “ரிட்டயரானதுலேருந்து குடும்ப வரலாறு தேடுறதுதான் எனக்குப் பொழப்பு. பாண்டிச்சேரி ஆவணக் காப்பகம், பிரான்ஸுக்கு மெயிலு, ஒன்னையும் விடல. இப்ப உங்க தாத்தாவையும் தேடிடலாம்னு வந்தேன். பட்டாளத்து நம்பரு சொல்லுங்க.”

“அது... வெள்ளத்துல போயிடுச்சு சார்.”

“எந்த வெள்ளத்துல?”

“பெரிய வெள்ளம்.”

“சரி, எந்தக் கப்பல்ல போனாரு?”

“அதுவும் பெரிசுதான்.”

காபியோடு வந்த மங்கையர்க்கரசி எரிகிற நெருப்பில் தன் பங்குக்கு ஒரு கட்டையைப் போட்டாள். “தாத்தா எத்தன பேரச் சுட்டாருன்னு சொன்னாங்களா அண்ணே? என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப ஆறு பேருன்னாங்க. இப்ப பதினாறாம்!”

“பரவாயில்லியே, செத்தப்புறமும் சுட்டுக்கிட்டே இருக்காரு” என்றார் நீலகண்டன்.

“பையக் குடுங்கண்ணே, உள்ள வைக்கிறேன்.”

“இருக்கட்டும்மா.” மடியிலிருந்த மஞ்சள் பையை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தாத்தா பட்டாளத்தில் இல்லை என்று பிரான்ஸிலிருந்து வந்த அத்தாட்சி அதற்குள்தான் இருக்கிறது என்று சண்முகசுந்தரத்தின் வயிறு சொன்னது. வயிறு பொய் சொல்லாது. அந்த வீட்டில் அது ஒன்றாவது.

“அடுத்த முகூர்த்தம் என்னைக்குன்னு பாருங்கண்ணே” என்று தாத்தாவுக்குக் கீழே தொங்கிய காலண்டரைக் காட்டினாள் மங்கையர்க்கரசி.

நீலகண்டன் கண்ணைச் சுருக்கினார். “கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேம்மா. அங்க காலண்டர் தொங்குறதே எனக்குப் பொகமூட்டமாத்தான் தெரியுது.”

அவள் வடை சுட உள்ளே போனாள். உள்ளறையில் வெண்மதி அந்தப் பையனோடு போனில் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இந்தச் சிரிப்பைக் கேட்பது இதுவே கடைசி என்று சண்முகசுந்தரம் நினைத்தார். எழுந்து ஓடிவிடலாம்தான். வாசலை மறித்துக்கொண்டு நீலகண்டனின் சோபா. போதாக்குறைக்கு இது சொந்த வீடு. இங்கிருந்து ஓடி எந்த வீட்டுக்குப் போவது?

முறைத்துக்கொண்டிருந்த தாத்தாவை ஒருமுறை பார்த்தார். நாலு படி எண்ணெயை ஒழுங்காக விற்றவரென்று சொல்லியிருந்தாலே போதும், இந்தப் பாடு வந்திருக்காது.

“சார், உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லிடுறேன்...”

“இருங்க.”

நீலகண்டன் எழுந்தார். அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். மஞ்சள் பைக்குள் கைவிட்டுச் சட்டம் போட்ட படம் ஒன்றை உருவி, காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எங்க தாத்தா. தேடாத எடமில்ல சார், எந்தப் பட்டாளத்துலயும் பேரு இல்ல. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு உங்க செவத்தப் பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கமே போச்சு. எங்க வீட்டுலயும் குண்டுன்னுதான் சொல்லி வச்சிருக்காங்க.”

சண்முகசுந்தரம் குனிந்து பார்த்தார். வேறு முகம், வேறு மீசை. அதே கோட்டு. மேலிருந்து இரண்டாவது பித்தான் கறுப்பு.

முதல்முறையாகச் சிரித்த நீலகண்டன், அவர் காதோரம் குனிந்தார்.

“நம்ம தாத்தா ரெண்டு பேரும் ஒரே ஸ்டுடியோவுலதான் சண்ட போட்டிருக்காங்க, சம்பந்தி!”