தொண்ணூறாவது நாள்

தற்காலிக ஊழியர்கள் எண்பத்தொன்பது நாள் வேலை பார்த்தால், தொண்ணூறாவது நாள் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அந்த ஒரு நாளைக் காட்டித்தான் யாரையும் நிரந்தரமாக்காமல் வைத்திருந்தார்கள். விலங்கியல் துறையில் ஏழு வருடமாக இப்படி வெளியேறித் திரும்பிக்கொண்டிருந்த ஜெபக்கனிக்கு, இந்தத் தடவை அந்த நாள் பட்டுப்புழுக்கள் கடைசித் தோலை உரித்துவிட்டு அகோரப் பசியில் கிடந்தபோது வந்து தொலைத்தது. துறைத்தலைவர் வெளியூரில். இலை போட வேறு ஆள் இல்லை. புழுக்கள் செத்தால் ஆராய்ச்சித் திட்டம் முடிந்தது. நாளை அவள் திரும்பி வர வேலையும் இருக்காது.

மல்பெரி இலைப் பையோடு வாசலில் நின்றாள். தினமும் எழுந்து வணக்கம் வைக்கும் காவலாளி பூதலிங்கம் இன்று நாற்காலியை விட்டு எழவில்லை.

"பத்தே நிமிசம் அண்ணாச்சி. இலையப் போட்டுட்டு ஓடி வந்துருதேன்."

"உங்க பேரு இன்னைக்கு லிஸ்டுல இல்ல மேடம். உள்ள விட்டா என் பொழப்புல மண்ணு விழுந்துரும்."

"அப்ப வெளியாளுன்னு நினைச்சு விடுங்க."

அவர் பார்வையாளர் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். யாரைப் பார்க்க வேண்டும் என்ற அடுத்த கட்டத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு அதிலும் தன் பெயரையே எழுதினாள்.

பூதலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

"அவங்க இன்னைக்கு இல்லம்மா," என்றார். "நாளைக்கு வந்து பாருங்க."