அம்மாவின் கட்டைவிரல்

சின்னவள் தும்மினால் அம்மாவுக்குக் காய்ச்சல் வரும் என்று மூத்தவள் குத்திக்காட்டுவாள். வீட்டிலேயே முதல் பட்டம் இவள் வாங்கிய அன்றுகூட அம்மா தங்கையின் தலைவலிக்காகப் படுத்துக்கிடந்தாள்.

இப்போது மருத்துவமனையில் நரம்புப் பரிசோதனை அறை மூத்தவள் பொறுப்பு. அன்று தங்கையே நோயாளி. கண்ணாடி கிழித்து மணிக்கட்டில் அறுந்த நரம்பைத் தைத்திருந்தார்கள். அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விரல் துடிப்பைத் திரையில் காட்டும் உணர்தகடுகளைத் தங்கையின் கட்டைவிரலடியில் ஒட்டி, தையலுக்கு மேலே மின்முனையை வைத்து மின்சாரம் கொடுத்தாள். விரல் அசையவில்லை. திரையில் கோடு நேராக ஓடியது. எதிர் நாற்காலியில் அம்மாவின் கட்டைவிரல் துள்ளியது.

"கையை ஆட்டாம உட்காரும்மா."

"நான் எங்கடி ஆட்டினேன்? தானா இழுக்குது."

மறுபடி கொடுத்தாள். மறுபடி துள்ளியது. தகடுகளைப் பிடுங்கி அம்மாவின் கையில் ஒட்டிவிட்டு, தங்கைக்கு மின்சாரம் கொடுத்தாள். பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி திரையில் அலை எழுந்தது.

"குறைச்சு வைடி, அவளுக்கு வலிக்கும்" என்றாள் அம்மா.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைம்மா" என்றாள் தங்கை.

மூத்தவள் மின்முனையைத் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். அவள் விரல் வெட்டி இழுத்தது. திரையில் ஒன்றுமில்லை. அளவைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். முழங்கை வரை தூக்கிப் போட்டது, கண்ணில் நீர் முட்டியது. தகடு ஒட்டிய அம்மாவின் கை மடியில் சும்மா கிடந்தது.

"முடிச்சிட்டியாடி?" என்றாள் அம்மா, மறு கையால் தங்கையின் மணிக்கட்டைத் துடைத்துவிட்டபடி. "இவளுக்குப் பசிக்குது."