ஒரு கோடியே ஒன்றின் வயிற்றுக்குள்

பகா எண்களின் கல்யாணப் பந்தி அது. ஒன்றைத் தவிர வேறு எவராலும் மீதியில்லாமல் வகுபடாதவருக்குத்தான் அங்கே இலை போடுவார்கள். வாசலில் வந்து நின்ற ஒரு கோடியே ஒன்றுக்கு இலை கிடைப்பதில் துளியும் சந்தேகமில்லை. எட்டு இலக்க ஆளை எவன் வகுப்பான்?

இரண்டு வகுத்துப் பார்த்தது, மீதி வந்தது. மூன்று, ஐந்து, ஏழு எல்லாம் முயன்று வியர்த்ததுதான் மிச்சம்.

"போதும்ப்பா, பசிக்குது. உள்ள விடுங்க."

"கொஞ்சம் இருங்கண்ணே," என்று பரிமாறிக்கொண்டிருந்த பதினொன்று சாம்பார் வாளியைக் கீழே வைத்தது.

"ரெண்டு குச்சி சேர்ந்த மாதிரி இருக்கே, நீயா?" என்று கோடியே ஒன்று வயிறு குலுங்கச் சிரித்தது.

பதினொன்று நிதானமாக வகுத்தது. மீதி ஒரு பொட்டுக்கூட இல்லை. குலுங்கிய வயிற்றுக்குள்ளிருந்து, ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதை எல்லாரும் மாறி மாறி வகுத்தார்கள். யாருக்கும் அது வகுபடவில்லை. உடனே அதற்கு இலை போட்டார்கள்.

கோடியே ஒன்று வாசலிலேயே நின்றது. பாயசம் வந்த நேரத்தில் உள்ளே யாரோ கேட்பது அதன் காதில் விழுந்தது.

"வாசல்ல நிக்கிறவர் உங்க ஆளா?"

"சேச்சே," என்றது அந்தப் புது விருந்தாளி. "யாரோ வகுபடற ஆளு."