ஆல்டன்பரிக்கு எத்தனை மைல்?

மேவிஸ் முன்னும் பின்னும் பார்த்தாள். சாலையில் ஈ காக்கை இல்லை. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, முட்புதருக்குள் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தாள்.

யாராவது பார்த்திருந்தால், திருடிப் பதுக்கியதை எடுக்க வந்தவள் என்றுதான் நினைத்திருப்பார்கள். பாவம், அவள் தேடியது ஒரு கைகாட்டி மரத்தை.

கைப்பிடியில் கட்டியிருந்த அட்டையை மறுபடி படித்தாள். 'ரூக்ஸ்டோன் மேட்டின் உச்சியில், கைகாட்டியில் ஆல்டன்பரிக்கு எத்தனை மைல் என்று போட்டிருக்கிறது?' பதில் எழுதினால்தான் மேடு ஏறியதற்குச் சாட்சி. சைக்கிள் சங்கம் மேட்டுக்கு மேடு ஆள் நிறுத்தியா முத்திரை குத்தும்?

மேடு இருந்தது, உச்சி இருந்தது, முச்சந்தியும் இருந்தது. கைகாட்டியைத்தான் காணோம்.

"தப்பான மேட்டுல ஏறித் தொலைச்சிட்டேனா?" என்று வாய்விட்டே கேட்டாள். பக்கத்தில் இருந்தது ஒரு செம்மறி ஆடு. அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மணி மூன்று. நான்கு மணிக்குள் ஊர் மண்டபத்தில் அட்டையைக் கொடுத்தாக வேண்டும். மாதம் ஒரு அறுபது மைல் பயணம். பன்னிரண்டு மாதமும் விடாமல் முடித்தால் ஒரு பித்தளைப் பதக்கம். பதினொன்றை முடித்துவிட்டாள், இது டிசம்பர். இதில் தவறினால் மொத்தமும் போச்சு. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், ஜனவரியில் முழங்கால் ஆபரேஷன். அதற்கப்புறம் மேடு ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேறு மேட்டைத் தேடிப் போக நேரமில்லை. அட்டையில் 'கைகாட்டி இல்லை' என்று எழுதிவிட்டு இறக்கத்தில் சைக்கிளை விட்டாள். அடிவாரத்தில் மாடுகள் சாலையைக் கடக்கும் இடம் ஒரே சேறு. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது. 

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்துக்குள் நுழைந்தாள். மற்ற எட்டுப் பேரும் எப்போதோ வந்து, பட்டாணி சூப்பை முடித்துவிட்டு, கேக்கில் இருந்தார்கள்.

"அங்கேயே நில்லும்மா!" மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் பிரைஸ் ஓடி வந்தாள். "எட்டு ஆம்பளைங்க வந்தாங்க, தரையில ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. நீ ஒருத்தி வந்து வயக்காட்டையே கொண்டாந்துட்டியே!"

மேவிஸ் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, ஈரக் காலுறையோடு உள்ளே வந்தாள்.

"என்ன மேவிஸ், ஆடு மேய்ச்சுட்டு வர்றியா?" என்றான் சங்கத்தின் பழம்பெருச்சாளி க்ளைவ். அவள் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கைகாட்டி இல்லையா? ஏழு வருஷமா டிசம்பர்னா இதே வழி, இதே கேள்வி. இதுல கூடவா கோட்டை விடுவே?"

"தேடாத இடமில்ல க்ளைவ். எங்கயோ தப்பாத் திரும்பிட்டேன் போல."

அவன் குரலைத் தணித்தான். "நாலு மைல். நாங்க எட்டுப் பேரும் அதைத்தான் எழுதியிருக்கோம். நீயும் இதை அடிச்சுட்டு நாலுன்னு போடு. முத்திரை குத்துற ட்ரெவருக்கு என்ன தெரியப் போகுது?" பென்சிலையும் அவனே நீட்டினான்.

மேவிஸ் வாங்கிக்கொண்டாள். ஒரே ஒரு எண். பதினொரு மாத மழையும் பனியும் அந்த ஒரு எண்ணில் தொங்கின. பென்சில் முனை அட்டையில் பட்டேவிட்டது.

க்ளைவ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "அப்படித்தான். வழி தெரியாதவங்களுக்கு நாலு பேர் சொல்றதுதான் வழி."

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "உன் பென்சிலை நீயே வச்சுக்க. பார்க்காததைப் பார்த்தேன்னு எழுத எனக்கு வராது. போனாப் போகுது!"

விறுவிறுவென்று போய் அட்டையைச் செயலாளர் ட்ரெவரின் மேஜையில் போட்டுவிட்டு, கணப்புப் பக்கமாக உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள். டீ ஆறிப்போனது. கொஞ்சம் விட்டால் அழுதுவிடுவாள்.

இந்தப் பயணத்துக்குப் பாதை வகுத்தவரே ட்ரெவர்தான். ஒவ்வொரு அட்டையாக எடுத்துச் சத்தமாகப் படித்தார். "நாலு... நாலு... இதுவும் நாலு..." எட்டு முடிந்தது. ஒன்பதாவதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"மேவிஸ், இது என்ன? 'கைகாட்டி இல்லை'?"

மண்டபமே சிரித்தது.

"கண்ணுல பட்டதைத்தான் எழுதினேன் ட்ரெவர். வேற மேட்டுல ஏறியிருப்பேன். முத்திரை வேணாம், விடுங்க."

ட்ரெவர் முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி, அவள் அட்டையில் ஓங்கிக் குத்தினார். பிறகு மைப் பெட்டியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"யோவ், எங்க அட்டைக்கு முத்திரை?" க்ளைவ் பதறிப்போய் எழுந்தான்.

"அந்தக் கைகாட்டியை லாரி இடிச்சுத் தூக்கி மூணு வாரம் ஆச்சு க்ளைவ்."