கிளிக்கு வால் பச்சை

“ஞாயித்துக்கிழமை படம் வரையுற ஜிம்ப், அதுக்கடுத்த வாரம் லினக்ஸ் மின்ட்” என்று சோற்றைப் பிசைந்தபடி மனைவி கற்பகவல்லியிடம் சொன்னான் ஜெயபாண்டி.

திருத்தங்கலில் இருவரும் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் நடத்தினார்கள். இலவச மென்பொருள்களை விமர்சிக்க அவன் யூடியூப் சேனலும் வைத்திருந்தான். ஆனால் அவன் எதைத் திட்டமிட்டாலும், ‘ஊசிவெடி’ என்ற சேனல் முகமும் காட்டாமல் குரலும் கொடுக்காமல் ஒரு நாள் முந்திக்கொண்டு லைக்குகளை அள்ளிவிடும்.

சனிக்கிழமை காலை செல்போனைப் பார்த்தவன் துள்ளி எழுந்தான்.

“ஜிம்ப்பையும் போட்டுட்டான்! அதுல வரைஞ்சு காட்டுற கிளி, விஸ்வநத்தம் கம்பெனியோட தீபாவளி லேபிள்! இன்னும் நம்ம பிரஸ்ஸை விட்டே வெளிய போகல. டிசைனர் சங்கையாதான் களவாணி. இன்னைக்கே அவன் சீட்டைக் கிழிக்கேன்!”

கற்பகவல்லிக்குச் சுருக்கென்றது.

“அந்த மனுசனை எதுக்கு வையுறீக? ஆர்டர் குடுத்தவுக லேபிளை வெளிய விடுற குடும்பமா நாம? நல்லாப் பாருங்க. அவுக கிளிக்கு வாலு சிவப்பு, இங்கன பச்சை. மூக்கைக்கூட மாத்தித்தானே போட்டேன்!”